இரண்டு கைகள் போதாத நெசவு

உங்கள் வீட்டில் அம்மாவோ பாட்டியோ பத்திரமாக எடுத்து வைத்திருக்கும் காஞ்சிபுரம் பட்டுச் சேலை ஒன்று இருக்கிறதா? இருந்தால், அவர்களிடம் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள். சேலையின் உடல் மாம்பழ மஞ்சள் என்று வைத்துக்கொள்வோம். கரை அரக்குச் சிவப்பு. மஞ்சள் முடிகிற இடத்தில் சிவப்பு தொடங்குகிறது. மஞ்சளில் சிவப்புக் கலக்கவில்லை. சிவப்பில் மஞ்சள் கலக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத் தைத்த தையலும் இல்லை, ஒட்டிய பசையும் இல்லை. அப்படியானால் இவை எப்படிச் சேர்ந்தன?

இந்தக் கேள்விக்கு விடை காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. நான் பிறந்து வளர்ந்ததும் அந்த ஊர்தான். தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்டே வளர்ந்தேன். ஆனாலும் விடை எனக்குச் சரியாகப் புரிந்தது சென்னையில், கம்பளிச் சட்டை பின்னிக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் முன்னால் நின்றபோதுதான். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்டு 7ஆம் நாள் தேசியக் கைத்தறி நாளாகக் கொண்டாடப்படுகிறது. 1905ஆம் ஆண்டு அதே நாளில்தான் கல்கத்தா நகர மண்டபத்தில் சுதேசி இயக்கம் தொடங்கியது. அதன் நினைவாக இந்த நாள் தேர்ந்தெடுக்கப்பட்டது. முதலாவது கைத்தறி நாள் விழா 2015இல் சென்னைப் பல்கலைக்கழக நூற்றாண்டு மண்டபத்தில் நடந்தது. பிறகு ஓர் ஆண்டு, இந்த நாளையொட்டிச் சென்னையில் நடந்த துணிக் கண்காட்சி ஒன்றுக்கு நானும் என் நண்பனும் புறப்பட்டோம்.

நண்பன் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெசவாளி. ஐந்தாம் வகுப்பு வரை நாங்கள் ஒரே பெஞ்சு. அந்த ஆண்டு கோடை விடுமுறையில் அவன் அப்பாவுக்குத் துணையாகத் தறியில் உட்கார்ந்தான். பள்ளி திறந்தபோது அவன் வரவில்லை. அதன் பிறகு வரவே இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் விளங்கும்.

காலையில் பேருந்து ஏறி, சுமார் 75 கிலோமீட்டர் பயணம் செய்து சென்னை சேர்ந்தோம். நண்பனின் பையில் அவன் நெய்த சேலையின் மாதிரித் துண்டு ஒன்று இருந்தது.

வளைவதும் குறுக்கிடுவதும்

கண்காட்சியில் நாங்கள் முதலில் நின்ற இடம் நீலகிரியிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாளின் கடை. கையில் இரண்டு பின்னல் ஊசிகள். மடியில் கம்பளி நூற்கண்டு. எங்களோடு பேசிக்கொண்டே இருந்தார். கை மட்டும் நிற்கவில்லை.

"எத்தனை நூல் இதிலே?" என்று நண்பன் கேட்டான்.

"ஒரே நூல்தாங்க" என்றார் அம்மாள். "தப்பாப் போயிட்டா ஒரு முனையைப் பிடிச்சு இழுத்தாப் போதும். முழுக்கப் பிரிஞ்சு வந்துடும்."

நண்பன் என்னைப் பார்த்தான். அவன் தறியில் ஒரு சேலைக்கே ஆயிரக்கணக்கான பாவு இழைகள் வேண்டும். இங்கே ஒரே ஓர் இழை ஒரு சட்டையாகிறது!

நெசவுக்கும் பின்னலுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான். நெசவில் நீளவாக்கில் பல இழைகள் விறைப்பாகக் கட்டப்பட்டிருக்கும். இது பாவு. குறுக்குவாக்கில் ஓர் இழை, பாவு இழைகளின் மேலும் கீழுமாக மாறி மாறிச் செல்லும். இது ஊடை. ஊடை நூலைச் சுமந்து செல்லும் படகு போன்ற கருவிக்கு நாடா என்று பெயர். ஒவ்வொரு முறை நாடா ஓடியதும், சீப்புப் போன்ற பண்ணையால் ஊடையைத் தட்டி நெருக்குவார்கள்.

பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரு நூல் வளைந்து ஒரு கண்ணி ஆகிறது. அந்தக் கண்ணிக்குள் நுழைந்து அடுத்த கண்ணி வருகிறது. கண்ணிக்குள் கண்ணியாகத் துணி வளர்கிறது.

நீங்கள் போட்டிருக்கும் பனியனும் பின்னல் துணிதான். திருப்பூரில் இயந்திரங்கள் அதைக் குழாய் குழாயாகப் பின்னித் தள்ளுகின்றன. இத்தகைய பின்னல் இயந்திரத்தை முதலில் செய்தவர் இங்கிலாந்தைச் சேர்ந்த வில்லியம் லீ. ஆண்டு 1589.

பனியனை இழுத்தால் நீள்கிறது, விட்டால் சுருங்குகிறது. வேட்டியை அப்படி இழுக்க முடியுமா? முடியாது. இரண்டும் பருத்தி நூல்தானே! பருத்தி நூலே இப்படி நீளக்கூடியது அல்ல. அப்படியானால் பனியனில் நீள்வது எது?

நூல் நீளவில்லை. கண்ணியின் வடிவம் மாறுகிறது. உருண்டையாக இருந்த கண்ணி, இழுத்தவுடன் ஒடுங்கி நீள்கிறது. விட்டதும் பழைய வடிவத்துக்குத் திரும்புகிறது. வேட்டியிலோ பாவும் ஊடையும் ஏறக்குறைய நேராகவே கிடக்கின்றன. நேராக இருப்பதை இழுத்து மேலும் நேராக்க முடியாது அல்லவா? ஆகவே, ஒரு துணியின் குணத்தை அதன் நூல் மட்டும் முடிவு செய்வதில்லை. அந்த நூல் எந்த வழியில் செல்கிறது என்பதும் முடிவு செய்கிறது.

"இது நம்ம கோர்வை!"

அம்மாள் பின்னிக்கொண்டிருந்தது நீலமும் வெள்ளையுமான ஒரு சட்டை. ஒரு வரிசையைப் பாதிவரை நீல நூலில் பின்னினார். மறுபாதியை வெள்ளையில் தொடர வேண்டும். அப்போது அவர் ஒரு சிறிய வேலை செய்தார். நீல நூலை வெள்ளை நூலின்மேல் ஒரு முறை சுற்றிவிட்டு, பிறகு வெள்ளையில் பின்னத் தொடங்கினார்.

"அதை ஏம்மா சுத்தறீங்க?" என்றான் நண்பன் சட்டென்று.

"சுத்தலைன்னா நீலம் தனியா, வெள்ளை தனியா நிக்கும். நடுவிலே ஓட்டை விழுந்துடும்."

நண்பன் தன் பையைத் திறந்து மாதிரித் துண்டை எடுத்தான். அதன் பின்பக்கத்தைத் திருப்பி, உடலும் கரையும் சேரும் கோட்டை அம்மாளுக்குக் காட்டினான். "பாருங்கம்மா, இது நம்ம கோர்வை! நீங்க செய்யறதைத்தான் நாங்களும் செய்யறோம்."

அம்மாள் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்து கொண்டு அந்தக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். இருவரும் அதைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினார்கள். நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். காஞ்சிபுரத்தில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் நான் கவனிக்காத ஒன்றை அன்று கண்டேன்.

உங்கள் இரண்டு கைகளின் ஆள்காட்டி விரல்களையும் கொக்கி போல மடக்கி, ஒன்றோடொன்று மாட்டி இழுத்துப் பாருங்கள். கோர்வை அதுதான். உடலின் ஊடை நூல் கரையின் எல்லை வரை வருகிறது. அங்கே கரையின் ஊடை நூலோடு கொக்கி மாட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறது. மஞ்சள் மஞ்சளிடம் திரும்புகிறது. சிவப்பு சிவப்பிடம் திரும்புகிறது. ஆனால் எல்லையில் இரண்டும் கைகோத்து நிற்கின்றன. அதனால்தான் தையல் இல்லாமலே சேலை ஒரே துணியாக இருக்கிறது. கொக்கி மாட்டும் இடத்தைச் சிறிது சிறிதாக உள்ளே தள்ளி, பிறகு வெளியே இழுத்தால், எல்லைக்கோடு கோபுர வரிசை போலப் பல் பல்லாக அமையும்.

இந்த உத்தி காஞ்சிபுரத்துக்கு மட்டும் உரியதல்ல. காஷ்மீரத்தின் கானி சால்வையிலும், மராட்டியத்தின் பைத்தானிச் சேலையின் முந்தானையிலும் வெவ்வேறு நிற ஊடைகள் இவ்வாறே கொக்கி மாட்டிக்கொள்கின்றன.

கோர்வை இல்லாவிட்டால் என்ன?

"எதற்கு இவ்வளவு சிரமம்? மஞ்சள் ஊடையையே இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓட்டிவிடலாமே" என்று நீங்கள் கேட்கலாம். ஓட்டலாம். பல சேலைகள் அப்படித்தான் நெய்யப்படுகின்றன. ஆனால் அப்போது கரையில் பாவு சிவப்பு, ஊடை மஞ்சள். இரண்டும் கலந்து கரையின் நிறம் மாறிவிடும்.

இந்தக் கலப்பு எப்போதும் குறையல்ல. மயில்கழுத்து நிறச் சேலையைப் பார்த்திருப்பீர்கள். பாவு நீலம், ஊடை பச்சை என நெய்தால், ஒரு கோணத்தில் நீலமும் மற்றொரு கோணத்தில் பச்சையும் மேலோங்கித் தெரியும். மடிப்புகள் அசையும்போது நிறம் மாறுவது போலத் தோன்றுவது இதனால்தான். ஆனால் சுத்தமான சிவப்புக் கரை வேண்டுமென்றால், அங்கே பாவும் ஊடையும் இரண்டுமே சிவப்பாக இருந்தாக வேண்டும். அதற்குக் கோர்வையே வழி.

மூன்று நாடா, நான்கு கை

கம்பளி பின்னும் அம்மாள் இதைத் தனியாகவே செய்துவிட்டார். நூல் மாறும் இடம் அவர் விரல்களுக்கு அடியிலேயே இருக்கிறது. தறியில் அப்படி இல்லை. சேலையின் அகலம் நான்கு அடிக்கு மேலும் இருக்கலாம். ஒரு பக்கக் கரைக்கு ஒரு நாடா, உடலுக்கு ஒரு நாடா, மறுபக்கக் கரைக்கு ஒரு நாடா என மூன்று நாடாக்கள் ஓட வேண்டும். நெசவாளர் நடுவில் இருந்து காலால் மிதிக்கிறார், கையால் நாடாவைத் தள்ளுகிறார், பண்ணையைத் தட்டுகிறார். இத்தனையும் செய்துகொண்டே இரண்டு ஓரங்களிலும் கொக்கி மாட்ட அவருக்கு எட்டாது. ஆகவே ஒரு பக்கத்துக் கரையை அவர் பார்த்துக்கொள்வார். மறுபக்கத்தில் ஒரு துணையாள் உட்கார்ந்து, அந்தக் கரையின் நாடாவைத் தள்ளிக் கொக்கி மாட்டுவார்.

துணையாளின் வேலை எவ்வளவு? ஒரு கணக்குப் போடுவோம். சேலையின் நீளம் 5.5 மீட்டர், அதாவது சுமார் 216 அங்குலம். ஓர் அங்குலத்துக்கு 60 ஊடை என்று வைத்துக்கொண்டால், 216 × 60 = 12,960. உடலின் நாடா ஏறக்குறைய 13,000 முறை ஓடுகிறது. ஒவ்வோர் ஓட்டமும் ஏதாவது ஓர் எல்லையில் முடிந்து அங்கே ஒரு கொக்கி விழுகிறது. பாதி நெசவாளர் பக்கம். பாதி துணையாள் பக்கம். ஒரு சேலைக்குத் துணையாள் மாட்டும் கொக்கிகள் சுமார் 6,500!

அந்தத் துணையாள் யார்? காஞ்சிபுரத்தில் நெடுங்காலமாக அது பெரும்பாலும் ஒரு குழந்தையாகவே இருந்தது. சின்ன விரல்கள், சின்ன நாடா. என் நண்பன் பள்ளிக்கு வராமல் போனது அந்த இருக்கைக்காகத்தான்.

இங்கிலாந்திலும் பிரான்சிலும்

கண்காட்சியின் மறுமூலையில் தறி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதன் மேலே ஜக்கார்டு பெட்டி. துளையிட்ட அட்டைகள் மாலை போல் தொங்கின. நண்பன் இதைத் தினமும் பார்ப்பவன். ஆனால் அங்கு நின்றபோது எனக்கு வேறொரு செய்தி நினைவுக்கு வந்தது.

தறியில் இரண்டாவது ஆள் என்பது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை அல்ல. இங்கிலாந்தில் அகலமான கம்பளித் துணி நெய்ய இரண்டு நெசவாளர்கள் தேவைப்பட்டனர். ஒருவர் தள்ளும் நாடாவை மறுபுறம் மற்றவர் பிடிப்பார். 1733இல் ஜான் கே என்பவர் கயிற்றை இழுத்தால் பறந்தோடும் நாடாவைக் கண்டுபிடித்தார். பிறகு ஒருவரே போதும் என்றாயிற்று.

பிரான்சில் லியோன் நகரம் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றது. அங்கே பூவேலை செய்த பட்டை நெய்ய, நெசவாளருக்குத் துணையாக ஒரு சிறுவன் வேண்டும். எந்த எந்தப் பாவு இழைகள் மேலே எழ வேண்டுமோ அவற்றின் கயிறுகளை அவன் இழுத்துப் பிடிப்பான். 1804ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் அந்த வேலையை அட்டைகளிடம் கொடுத்தார். அட்டையில் துளை இருந்தால் இழை எழும்; இல்லாவிட்டால் எழாது. கயிறு இழுக்கும் சிறுவன் அதன்பின் தேவைப்படவில்லை. சார்லஸ் பாபேஜ் என்ற ஆங்கில அறிஞர் தாம் திட்டமிட்ட கணக்கிடும் பொறிக்குத் துளை அட்டைகளை எடுத்துக்கொண்டதும் இந்தத் தறியிலிருந்துதான். இன்றைய கணினியின் முன்னோர்களில் ஒன்று ஒரு பட்டுத் தறி!

ஆனால் கவனியுங்கள். ஜக்கார்டு பெட்டி பாவு இழைகளைத் தூக்குகிறது. ஊடைகளைக் கொக்கி மாட்டவில்லை. ஜான் கேயின் நாடா ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே பாய்ச்சலாகப் பறக்கிறது. எல்லையில் நின்று திரும்புவதில்லை. இரண்டு பெரிய கண்டுபிடிப்புகளும் கோர்வையின் துணையாளை எழுப்பிவிடவில்லை.

காலியாகும் இருக்கை

திரும்பும் பேருந்தில் நண்பன் அதிகம் பேசவில்லை. ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் சொன்னான்: "என் பெண்ணைத் தறியிலே உட்கார வைக்கலைடா. பிளஸ் ஒன் படிக்கிறா. இப்போ பக்கத்திலே உட்கார்றது என் வீட்டுக்காரிதான். அவளுக்கு உடம்பு முடியாத நாளிலே தறி சும்மா நிக்குது."

குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் வந்தது. 6 முதல் 14 வயது வரை எல்லாக் குழந்தைகளுக்கும் கட்டாய இலவசக் கல்வி என்ற சட்டம் 2009இல் வந்தது. காஞ்சிபுரத்துக் குழந்தைகள் தறியை விட்டுப் பள்ளிக்குச் சென்றனர். இது மிக நல்ல செய்தி. ஆனால் அந்த இருக்கையில் ஒரு பெரியவர் உட்கார்ந்தால் அவருக்குப் பெரியவருக்குரிய கூலி கொடுக்க வேண்டும். அந்தக் கூலி சேலையின் விலையில் சேரும். ஊடை ஓரத்துக்கு ஓரம் ஓடும் மலிவான சேலையோடு கோர்வைச் சேலை போட்டியிட முடியாமல் திணறுகிறது. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் காக்க அது உதவும். ஆனால் துணையாளைத் தருவது குறியீட்டின் வேலையல்ல.

கோர்வையும் வாழ வேண்டும். எந்தக் குழந்தையும் அந்த இருக்கைக்குத் திரும்பக் கூடாது. வழி உண்டா?

நண்பனின் மகளிடம் மறுநாள் கண்காட்சிக் கதையைச் சொன்னோம். அவள் உடனே, "அப்பா, நாடா திரும்புகிற இடத்திலே ஒரு சின்னக் கொக்கியை வைத்து, அதை மிதியோடு இணைத்துவிட்டால் என்ன?" என்றாள். நண்பன் சிரிக்கவில்லை. தறியருகே அவளை அழைத்துச் சென்று, அது ஏன் கடினம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினான். அவன் சொன்னதை அப்படியே உங்களுக்குத் தருகிறேன்.

முதலாவது, கரையின் நாடா கரையின் அகலம் மட்டுமே ஓடி நிற்க வேண்டும். இரண்டாவது, எல்லையில் இரண்டு நூல்களும் ஒரு முறைகூடத் தவறாமல் மாட்ட வேண்டும். தவறினால் அங்கே ஓட்டை விழும். மூன்றாவது, இழுவிசை அளவாக இருக்க வேண்டும். அதிகமானால் துணி சுருங்கும். குறைந்தால் நூல் தொங்கும். விரல் இதைத் தானாக உணர்ந்து சரிசெய்கிறது. நான்காவது, அந்தக் கருவி வீட்டுத் தறியில் பொருந்த வேண்டும்; நெசவாளி வாங்கக்கூடிய விலையில் இருக்க வேண்டும்.

பக்கத்தில் ஆள் இல்லாமல் ஒருவரே கோர்வை நெய்ய உதவும் அமைப்புகளைச் சிலர் செய்து பார்த்திருக்கிறார்கள். இரு நிற நூல்களை எல்லையில் பிணைக்கும் பின்னல் இயந்திரங்கள் கணினியின் உதவியோடு இன்று ஓடுகின்றன. எனவே இது முடியாத வேலையல்ல. நான்கு நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேறும் கருவி ஒவ்வொரு தறிக்கும் வந்து சேர வேண்டும், அதுதான் பாக்கி. நண்பனின் மகள் அன்று மாலையே நோட்டில் ஒரு படம் வரைந்தாள். அதில் தவறுகள் இருந்தன. அவற்றைக் காட்டிக் கொடுத்தது, ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய அவள் அப்பாதான்.

செய்து பாருங்கள்

1. ஒரு பருத்திக் கைக்குட்டையை எதிரெதிர் ஓரங்களில் பிடித்து இழுங்கள். அதிகம் நீளாது. இப்போது எதிரெதிர் மூலைகளைப் பிடித்து இழுங்கள். நன்றாக நீளும். பாவும் ஊடையும் உண்டாக்கிய சிறு சதுரங்கள் சாய்சதுரங்களாக மாறுவதே காரணம்.

2. பழைய பனியன் துண்டு ஒன்றை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். கண்ணிகளை அடையாளம் கண்டு படம் வரையுங்கள். நீளவாக்கில் இழுத்தும் அகலவாக்கில் இழுத்தும் கண்ணியின் வடிவம் எப்படி மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

3. ஓர் அட்டையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் அரை சென்டிமீட்டர் இடைவெளியில் சிறு வெட்டுகள் போடுங்கள். அவற்றில் நூலைச் சுற்றினால் பாவு தயார். இடப்பக்கத்தில் மஞ்சள் கம்பளி நூலும் வலப்பக்கத்தில் சிவப்புக் கம்பளி நூலும் கொண்டு ஊசியால் நெய்யுங்கள். முதல் பத்து வரிசைகளில் இரண்டும் நடுவில் சந்தித்துத் தனித்தனியே திரும்பட்டும். அடுத்த பத்து வரிசைகளில் கொக்கி மாட்டித் திருப்புங்கள். முதல் பகுதியில் நடுவே பிளவு தெரியும். இரண்டாம் பகுதியில் தெரியாது. நீங்கள் நெய்தது கோர்வை!

நெய்து முடித்ததும் நேரத்தைக் கணக்கிடுங்கள். பத்துக் கொக்கிகளுக்கு எவ்வளவு நேரம் ஆனது? அதை 650ஆல் பெருக்குங்கள். ஒரு சேலைக்குத் துணையாள் செய்யும் வேலையின் அளவு உங்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு அந்த நான்கு நிபந்தனைகளையும் இன்னொரு முறை படித்துவிட்டு, ஒரு தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள்.